புரட்டாசியில் வந்த பட்டை வாசம்

1

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகள் நிவேதா போனில் ஒரு கேள்வி கேட்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று எனக்கு லீவு. அது அவளுக்கும் தெரியும்.

நிவி கல்காரியில் படிக்கிறாள். நாங்கள் இருக்கும் எட்மன்டனிலிருந்து காரில் மூன்று மணி நேரம். சனி, ஞாயிறுகளில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். அங்கே அவள் செய்வது சினமன் பன். ஊரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மாவைப் புளிக்க வைத்து, பெரிய சப்பாத்தியாகத் தேய்த்து, வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டித் துண்டு போட்டு ஓவனில் வைப்பார்கள். தட்டின் அடியில் சர்க்கரைப் பாகையும் கொட்டைகளையும் பரப்பி அதன்மேல் வேகவைத்துக் கவிழ்த்தால் அதற்கு ஸ்டிக்கி பன் என்று பெயர். பட்டை என்றால் நம் கறிக்குழம்புக்குப் போடுகிற அதே பட்டைதான். நம்ப முடியாதுதான். நான் கனடாவுக்கு வந்த முதல் வாரம் ஒரு கடை வளாகத்தில் அந்த வாசம் வந்தது. எங்கேயோ பிரியாணி போடுகிறார்கள் என்று மோப்பம் பிடித்துக்கொண்டே இரண்டு மாடி ஏறினேன். அங்கே வெள்ளைக்காரக் கிழவிகள் காப்பியோடு இனிப்பு பன் தின்றுகொண்டிருந்தார்கள்.

நிவி சொன்னது இதுதான். முந்தைய நாள் சனிக்கிழமை அவளுடைய பேக்கரிக்கு ஒரு தமிழ்ப் பெண் தன் அம்மாவோடு வந்திருக்கிறாள். வாசலிலேயே அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வர மறுத்துவிட்டார்களாம். மகள் சிரித்தபடி நிவியிடம் விளக்கியிருக்கிறாள். எங்களுக்குப் பட்டை வாசம் என்றால் கறி வேகிற வாசம். இது புரட்டாசி மாதம், அதிலும் சனிக்கிழமை, அதனால்தான் அம்மா பயப்படுகிறார்கள் என்று.

நிவி ஆங்கிலத்தில்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் நடுவில் 'அம்மா' வரும். அன்று இரண்டு முறை வந்தது.

"அம்மா, பெரியம்மாவும் அப்படித்தான் நெனச்சாங்களா? அம்மா, உனக்கு அது அன்னைக்கே தெரியுமா?"

ஏழு வருடம் கழித்து வந்த கேள்வி. இரண்டுக்கும் பதில் ஆமாம்தான்.

2

பெரியம்மா என்று அவள் சொல்வது என் அக்கா பழனியம்மாளை. எங்களுக்கு நாகலூர். சேலத்திலிருந்து மலையேறி ஏற்காடு போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். எங்கள் குடும்பம் காப்பி எஸ்டேட்டில் கூலி வேலைக்காகக் கீழே இருந்து வந்தது. எனக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பெயர்ப் பட்டியலில் அம்மாவின் பெயரை அடித்துவிட்டு அதே வரியில் அக்காவின் பெயரை எழுதினார். அக்காவுக்கு அப்போது பதினைந்து. அவள் பழம் பறித்தாள், நான் படித்தேன். பள்ளிக்கூடம் முடித்து, சேலத்தில் நர்சிங் முடித்து, விமானம் ஏறும்வரை அந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்.

அக்காவுக்கு ஒரே ஒரு ருசி உண்டு. பன். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுச் சந்தைக்குப் போனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் மேலே சர்க்கரை ஒட்டிய பன் ஒன்று வாங்குவாள். டீயில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். ஊரே கேட்கிற மாதிரி "நொம்ப நல்லாருக்குது" என்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இதை நிவிக்குச் சின்ன வயதில் கதையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

3

நிவி ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். அதுவும் ஒரு புரட்டாசி. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள். ஒரு கிலோவுக்கும் குறைவு. நான் ஆஸ்பத்திரி நடையில் நின்று நாகலூர் கடை போனுக்குக் கூப்பிட்டேன். அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து பேசினாள்.

"அழுவாத கண்ணு. பெருமாளுக்கு வேண்டிக்கிறேன். புள்ளைக்கு இருவத்தோரு வயசு நெறையற வரைக்கும் புரட்டாசி மாசம் பூரா கவுச்சி தொடமாட்டேன். சனிக்கெழமை சனிக்கெழமை பச்சத் தண்ணி குடிக்காம ஒருசந்தி இருக்கறேன். கேட்டுக்க, இது பெத்தவளும் சேந்து இருக்கோணும்."

"நானும் இருக்கேனுங்க்கா" என்றேன்.

பிள்ளை பிழைத்தாள். அந்த வருடம் நானும் இருந்தேன். அடுத்த வருடம் புரட்டாசியின் முதல் சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் பதினாறு மணி நேர ஷிப்ட். கேன்டீனில் கோழி வைத்த ரொட்டிதான் இருந்தது. தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை தவழ்ந்தாள், நடந்தாள். அதற்குப் பிறகு புரட்டாசி எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை அக்கா போனில் கேட்கும்போதுதான் தெரிந்துகொள்வேன்.

"இருக்கறியா கண்ணு?"

"இருக்கேனுங்க்கா."

பதினாலு வருடம் இப்படியே ஓடியது. பட்டைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பட்டை, கிராம்பு வாங்குவதே கறிக்குத்தான். புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள் அக்கா வீட்டைக் கழுவிவிட்டு, கறிச்சட்டியையும் பட்டை டப்பாவையும் ஒரு சாக்கில் கட்டி வெளியே கோழிக்கூட்டின் மேல் வைத்துவிடுவாள். ஐப்பசி பிறந்தால்தான் அது உள்ளே வரும். எஸ்டேட் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் எல்லா வீட்டுக் கூரை ஓரத்திலும் அந்த மாதம் ஒரு சாக்கு மூட்டை இருக்கும். நான் இங்கே எதையும் வெளியே வைத்ததில்லை.

4

ஏழு வருடத்துக்கு முன் அக்காவைக் கனடாவுக்குக் கூட்டிவர விசாவுக்கு எழுதினேன். அம்மா, அப்பா என்றால் நீண்ட நாள் தங்க ஒரு விசா உண்டு. அக்காவுக்குக் கிடையாது. 'என்னை வளர்த்தவள்' என்று எழுதுவதற்கு எந்தக் கட்டமும் இல்லை. சுற்றுலா விசாதான் கேட்க முடிந்தது. கைரேகை வைக்க அக்கா சென்னைக்குப் போனாள். இயந்திரத்தில் ரேகை பதியவே இல்லை. கிட்டத்தட்ட நாற்பது வருடம் பழம் பறித்த விரலில் வரி எங்கே இருக்கும்? அங்கிருந்த பெண் கையைத் துடைத்துத் துடைத்து, களிம்பு தடவி, ஒன்பதாவது முறை பதிய வைத்தாளாம். "என்னைய ஆளே இல்லைன்னு சொல்லிப்போடுமோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லி அக்கா சிரித்தாள்.

அவள் வந்திறங்கியது செப்டம்பரில். வருவதற்கு முந்தின நாள் எங்கள் ப்ரிட்ஜிலிருந்த கோழியை எல்லாம் பொறுக்கி, நிலவறையில் இருக்கும் பெரிய ப்ரீசருக்குள் தள்ளி, மேலே பட்டாணிப் பைகளை அடுக்கினேன். என் கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார். புறப்படும்போது, "உங்கக்கா சாமியாரம்மாவா, போலீஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நிவிக்கு அப்போது பதினாலு. அவளுக்குத் தெரிந்த தமிழை இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் எல்லோரையும் 'வந்தான், போனான்' என்பாள். "பெரியம்மா குளிக்கிறான்" என்று அவள் சொன்னபோது அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலம் எஸ்டேட் ஆங்கிலம். ரெஸ்ட், லீவு, லோடு, டூட்டி. நிவி பள்ளிக்கூடம் புறப்பட்டால், "டூட்டியா சாமி?" என்பாள். திரும்பி வந்தால், "ரெஸ்ட்டு" என்று சோபாவைத் தட்டிக் காட்டுவாள். மூன்று வாரத்தில் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நான் ஷிப்ட் முடிந்து வந்து, என் பாட்டுக்குச் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு அவர்களைப் பார்ப்பேன். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

5

அக்டோபரில் இங்கே நன்றி நாள் என்று மூன்று நாள் விடுமுறை வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிவி சமையல் மேடையில் மாவைக் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தாள். பெரியம்மாவுக்குப் பன் செய்யப் போகிறாளாம். அவளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும், சொல்லிவிடாதே என்றாள். மாவு அவள் கையெல்லாம் ஒட்டிக்கொண்டு அழிச்சாட்டியம் செய்தது. அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "தள்ளு சாமி" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். பரோட்டாவுக்கு என்று நினைத்திருப்பாள். கால் மணி நேரத்தில் மாவு கன்றுக்குட்டியின் காதுபோல மெத்தென்று ஆனது. நிவி அதை ஈரத்துணியால் மூடி ப்ரிட்ஜில் வைத்தாள். இரவு முழுக்க மெல்லப் புளித்தால்தான் ருசி வருமாம். அந்த மாவில் இரண்டு முட்டை இருந்தது. அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. நான் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டேன். மூன்றரை மணிக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது பட்டை வாசம். இத்தனை வருடம் இங்கே இருந்தவள், பன் மாவைக் கண்ணால் பார்த்தவள், எனக்கே முதலில் தோன்றியது 'இன்றைக்குப் போய் யார் கறி வைத்தது?' என்பதுதான்.

சமையல் மேடையில் தட்டு இருந்தது. பன்னிரண்டு ஸ்டிக்கி பன். பழுப்பான பாகு மேலே வழிந்து தட்டின் ஓரத்தில் தேங்கியிருந்தது. வாசத்தோடு சேர்த்துப் பார்த்தால், குழம்பு ஊற்றிய கறி பன் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. நிவி மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

சூடாக ஒன்றை எடுத்து, நல்ல தட்டில் வைத்து, பெரியம்மாவின் அறைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அக்கா ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்து சுவரோரம் ஒதுங்கி, கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாஞ் சாமி, வேண்டாஞ் சாமி" என்றிருக்கிறாள். நிவி இன்னும் ஒரு அடி எடுத்து வைத்ததும் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

"ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்க?" என்று கேட்டாள் நிவி.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'நீ உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் இன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறார்கள்.' அதைச் சொன்னால், 'அப்படியானால் நீ?' என்று பிள்ளை திருப்பிக் கேட்பாள். எட்டு மணி நேரம் நின்ற கால் வலித்தது. அன்று மதியம்கூடக் கேன்டீனில் நான் தின்றது கோழிதான்.

"அவங்களுக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு ஆகாது" என்றேன்.

பிறகு அக்காவின் அறைக்குப் போனேன். கட்டில் இருக்கத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் முழுக்கத் திறந்து கிடந்தது. குளிரில் உதடு வெளுத்திருந்தது.

"ஏம் பாப்பா, இன்னிக்கு என்ன கெழமைன்னு இந்த ஊட்ல ஆருக்கும் தெரியாதா?"

அது கறி இல்லைங்க்கா, இனிப்பு பன், உங்களுக்குப் பிடிக்குமென்று பிள்ளை செய்தது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால், பட்டை டப்பா இந்த மாதம் வீட்டுக்குள் எப்படி இருந்தது என்று கேட்பாள். மாவில் முட்டை உண்டா என்று கேட்பாள். பன்னைப் பற்றிய உண்மையை வெளியே எடுத்தால், அதன் பின்னாலேயே ப்ரீசரும் கேன்டீனும் பதினாலு வருடமும் வந்துவிடும் என்று பயந்தேன்.

"சின்னப் புள்ளைங்க்கா. தெரியாம செஞ்சிருச்சு. நான் கண்டிச்சுட்டேன்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "அடிச்சுப் போடாத. அதுக்கென்ன தெரியும்" என்றாள்.

ஒரே நாளில், ஒரே வீட்டில், இரண்டு அறைகளில் இரண்டு பொய். பன்னிரண்டு பன்னையும் டப்பாவில் அடைத்து மறுநாள் வேலைக்கு எடுத்துப் போனேன். முதியவர்கள் விரல் நக்கிச் சாப்பிட்டார்கள். ஒருவர் இன்னொன்று கேட்டார். எல்லோரும் பாராட்டினார்கள் என்று நிவியிடம் சொன்னேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

6

அடுத்த வாரம் மூன்று பேரும் இங்குள்ள கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அக்கா இரண்டு தொன்னை வாங்கி வழித்துச் சாப்பிட்டாள். நிவி பார்த்துக்கொண்டே இருந்தாள். காரில் ஏறியதும், "இனிப்பு ஆகாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அன்றோடு ஒரே போர்வை இரண்டு போர்வையானது. அக்கா ஊருக்குக் கிளம்பிய நாளில் நிவி தனக்குப் பரீட்சை என்று சொல்லி விமான நிலையத்துக்கு வரவில்லை. அக்கா அவளுடைய மூடிய கதவுக்கு வெளியே நின்று, "போய்ட்டு வாரேன் சாமி" என்றாள். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. என்மேல் வர வேண்டிய கோபம். அதை வாங்கிக்கொண்டு போனது அக்கா.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் வீடியோவில் வந்தாள். சேலைத் தலைப்பைக் காதுவரை போர்த்தியிருந்தாள். குளிராக்கும் என்று நினைத்தேன். பேச்சு நடுவில் தலைப்பு நழுவியது. மொட்டை. அக்காவின் முடி இடுப்புக்குக் கீழே வரும். அவளிடம் இருந்த நகை அது ஒன்றுதான்.

"என்னங்க்கா இது!"

"புள்ளைக்காவத்தான். அது பாவம், தெரியாம செஞ்சது. நம்ம வேண்டுதல அதுவே கெடுத்துப்போடுச்சுன்னு சாமி அதும்மேல கோவிச்சுக்கக் கூடாது பாரு. என்மேல வெச்சுக்கோன்னு முடியக் குடுத்துட்டேன். முடிதானே, வளந்துக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முடி போனது போய்விட்டது, இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். நிவி எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். கோயில் வழக்கம் என்றேன். ஒரு பொய்யை எத்தனை வழியில் பயன்படுத்தலாம் என்பதில் நான் தேர்ந்துவிட்டேன்.

அந்த முடி திரும்ப வளர்ந்தது. நரையாக.

7

மூன்று வருடத்துக்கு முன் அக்காவுக்கு மறுபடி விசா கேட்டேன். நிராகரித்துவிட்டார்கள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, சொந்த வீடு இல்லை, வேலையிலிருந்தும் ஓய்வு. திரும்பிப் போவார் என்று எங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று கடிதம் வந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். முதல் தடவை வந்தபோது, இந்த வீட்டைவிட்டு எப்போது போவோம் என்று கடைசி மூன்று வாரம் நாளை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்.

நாங்கள் ஒரு தடவை ஊருக்குப் போகலாம் என்றால் நிவி வரமாட்டாள். பதினெட்டு வயதானதும் கல்காரி போய்விட்டாள். என்னோடு பேசுவதெல்லாம் வாடகை, பனி, கார் டயர். பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்ததைக்கூட அவள் அப்பாவிடம்தான் சொன்னாள். பெரியம்மா போனில் இருக்கிறார்கள், பேசு என்றால், "எனக்குத் தமிழ் வராது" என்பாள். வந்துகொண்டிருந்த தமிழ்தான் அது. அது எந்தச் சனிக்கிழமையால் நின்றது என்று எனக்கு மட்டும் தெரியும்.

என் வீட்டில் ஏழு வருடமாகப் பட்டை இல்லை. கறிக்குக்கூடப் போடுவதில்லை. பெரிய தவம் என்று நினைக்க வேண்டாம். அந்த வாசம் எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

8

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிவியைத் திரும்பக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிப் பெட்டியில் தொடங்கி மொட்டை வரைக்கும். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில், "நான் செஞ்ச பன்னுக்காக அவங்க மொட்டை அடிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"நான் சொன்ன பொய்க்காக" என்றேன்.

அவள் தமிழில் சொன்னாள். "நம்பர் குடு."

"முதல்ல நான் அக்காகிட்டச் சொல்லிடறேன். அப்புறம் உன் பக்கத்துல இருந்து, நீ சொல்றத அவங்களுக்குத் தமிழ்ல சொல்றேன்."

"வேண்டாம். நீ நடுவுல இருக்க வேண்டாம்."

நம்பரைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் நாகலூருக்குக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். அக்கா கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் பன்னைச் சொன்னேன். பிறகு கேன்டீனைச் சொன்னேன். ப்ரீசரைச் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், ஒருவேளை போனைத் தூக்கிப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். கோழிக்கூட்டின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்ப, அது கறி இல்லியா?"

"இல்லீங்க்கா. பன்னுங்க. நம்ம பேக்கரிப் பன் மாதிரி. உங்களுக்குப் புடிக்கும்னு நான் எப்பவோ சொன்னத வெச்சு, ரெண்டு நாளா செஞ்சுச்சு."

"எனக்காவ செஞ்சுச்சா?"

"ஆமாங்க்கா."

"நான் அந்தப் புள்ள மூஞ்சில கதவச் சாத்துனேனே" என்றாள். "ஏழு வருசமா சாமிகிட்ட நின்னு, அந்தப் புள்ளைய மன்னிச்சுரு, மன்னிச்சுருன்னு கேட்டுட்டு இருக்கறனே. அது ஒண்ணுமே பண்ணுலயே, பாப்பா."

நான் கேன்டீனில் தின்றதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

9

இன்று சனிக்கிழமை. புரட்டாசியின் கடைசிச் சனி. நிவிக்கு இந்த மாதம் இருபத்தொன்று நிறைந்தது. அக்காவின் வேண்டுதல் இன்றோடு முடிகிறது. காலை ஆறு மணிக்கு அவளே கூப்பிட்டாள். அங்கே அந்தி. விளக்கு வைத்திருப்பாள்.

"புள்ள கூப்புட்டுச்சு" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. "முந்தாநேத்து ஒருக்கா, நேத்து ஒருக்கா. நான் பேசறது அதுக்கு வெளங்குல, அது பேசறது எனக்கு வெளங்குல. மொத நாளு நொம்ப நேரம் அழுதுச்சு. நானும் அழுதேன். நேத்து மாவு பெசையறதப் போன்ல காட்டுச்சு. 'முட்ட இல்ல, முட்ட இல்ல'ன்னு கைய விரிச்சுக் காட்டுது. டிசம்பருல வருதாம். வந்து இங்கயே செய்யுமாம். நம்மூட்ல அந்தப் பொட்டி ஏது? இட்லிப் பானைல வெச்சுக்கலாம்னு சொன்னேன். 'பெரியம்மா நல்லவன்'னுச்சு."

நானும் சிரித்தேன். இதில் எதையும் நிவி என்னிடம் சொல்லவில்லை. டிசம்பரில் ஊருக்குப் போவதையும் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட காலத்தில் நான் செய்தது தெரிந்ததுதானே.

"சரிங்க்கா. விளக்கு வெச்சாச்சுல்ல? மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க. வேண்டுதல் முடிஞ்சுதே."

"அது முடிஞ்சுது. பெருமாளுக்குச் சொன்னத நெறவேத்திட்டேன்" என்றாள். "அடுத்த வருசத்துலருந்து இன்னொண்ணு இருக்குது."

"இன்னுமாங்க்கா? முட்டி வலில நடக்கவே முடியறதில்ல உங்களுக்கு. நிவிக்கு இனி என்னங்க? அதுதான் நல்லா இருக்குதே."

"அதுக்கு எதுக்கு? அது என்ன தப்புப் பண்ணுச்சு? இது உனக்கு, கண்ணு."

எத்தனை வருடம் என்று கேட்டேன்.

"ஏழு" என்றாள்.

அக்காவுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. ஏழு புரட்டாசி. ஒவ்வொன்றிலும் நாலைந்து சனிக்கிழமை, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. எட்டு மணிக்கு எனக்கு வேலை.

"நானும் இருக்கேனுங்க்கா" என்றேன்.

இதே வார்த்தையை அக்கா ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறாள்.